இருபத்தேழு

சனிக்கிழமை மதிய ஷிஃப்ட் முடிந்ததும்
தொழிற்சாலையின் பின்வாசலில்
கழித்த சரக்கை விற்பார்கள்.
நீலத் தார்ப்பாயில் மல்லாந்து கிடக்கும் கிட்டார்கள்:
கழுத்து திரும்பியது,
வயிறு உப்பியது,
வார்னிஷ் வழிந்து முத்துமுத்தாய் உறைந்தது.

ஆறு வருடமாக நான் ஒட்டுவது உள்சட்டம்.
மேல்பலகைக்கு அடியில் குறுக்கே ஓடும் மெல்லிய மரம்,
வாங்குகிறவன் கண்ணுக்கு அது எட்டாது.
நாளொன்றுக்கு நூற்றுப்பத்துப் பலகை.
மொத்தம் எத்தனை என்று ஒருமுறை கணக்குப் போட்டேன்,
பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஜெங்ஆனில் மழை விட்டால் மூடுபனி,
மூடுபனி விட்டால் மழை.
ஊரிலேயே ஈரம் ஏறாத ஒரே இடம்
எங்கள் மரக்கிடங்கு.
நாற்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஒரு புள்ளி போனாலும்
சிவப்பு விளக்கு சுழலும்.
லுங் ஃபூச்சின் தன் மகனின் காலுறைகளை
அங்கேதான் ஒளித்து உலர்த்துவாள்,
கனடாவிலிருந்து வந்த ஸ்ப்ரூஸ் பலகைகளின் நடுவே.
இன்றுவரை விளக்கு அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

"ஒட்டுகிற உனக்கு எதுக்கு இது?"
கிடங்குக்காரர் முவோ கேட்டார்.
பதில் என்னிடமும் இல்லை.
விரலை மடக்கி ஒவ்வொன்றாய்த் தட்டினேன்,
சந்தையில் தர்பூசணி பார்க்கிறவள்போல.
பத்து, மரம் என்றது.
பதினொன்றாவது
என்னைத் திருப்பித் தட்டியது.

கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் விட்டேன்.
சட்டத்தின் ஓரத்தில் மங்கிய முத்திரை: 27.
என் எண்.
நெஞ்சு திக்கென்றது,
நான் சொதப்பியதால்தான் கழித்தார்களோ?
இல்லை. கழுத்தடியில் யாரோ இழுத்த கீறல்.
அப்பாடா என்றிருந்தது,
உடனே வெட்கமாகவும்.

நடுவில், சீட்டு இருக்கவேண்டிய இடத்தில்
சுரண்டிய தழும்பு.
கழித்த சரக்கு கம்பெனிப் பெயரைத் தாங்கக்கூடாதாம்.
அந்த ஆங்கிலப் பெயரைச் சுரண்டும்போது
கீழே எறும்பெழுத்தில் இருந்த
'சீனாவில் செய்யப்பட்டது' என்பதும்
கூடவே போய்விட்டது.
கப்பலேறிப் போனதெல்லாம் ஊர்பேரோடு போக,
ஊரிலேயே தங்கிய இதற்கு
ஊர் கிடையாது.

நூற்றெண்பது யுவான்.
இதே மாதிரியைக் கடல்தாண்டி ஒரு கடையில் பார்த்தேன்,
கைபேசித் திரையில்.
கையைக் கடிக்காத விலை என்று போட்டிருந்தது,
எனக்கு அது மூன்று வாரச் சம்பளம்.
பனித்தொப்பி போட்ட ஒரு பையன் மடியில் வைத்திருந்தான்,
மிகவும் சந்தோஷமாக.
துளையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
கடைசியில் கட்டம்கட்டமாய் இருட்டு.

முதல் மாதம் விரல்நுனி எரியும்,
தோல் உரியும், விட்டுவிடாதே என்றாள்
வீடியோவில் சொல்லிக்கொடுக்கும் பெண்.
எனக்கு எரியவில்லை.
பசையும் உப்புத்தாளும்
ஆறு வருடம் முன்பணம் கட்டிவிட்டிருந்தன.
ஆனால் கம்பி மட்டும்
நான் அழுத்துகிற இடத்தில் பேசாமல்
பக்கத்து இடத்தில் முனகுகிறது.

விடுதிச் சுவர் வியர்க்கும் ஊரில்
மரத்தை எப்படிக் காப்பது?
வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து
உள்ளே போட்டு வைத்திருக்கிறேன்.
ஆட்டினால் கிலுகிலுக்கிறது.
அதைக் கேட்டுத்தான் ஃபூச்சினின் மகன் ஓடி வந்தான்,
காய்ந்த காலுறையோடு.

துளைக்குள் கண்ணை ஒட்டிவைத்து
வெகுநேரம் பார்த்தான்.
"இருபத்தேழுன்னு எழுதியிருக்கு."
ஆமாம் என்றேன்.
"அது எங்கே இருக்கு?"

ஜன்னலைக் காட்டினேன்.
மழைக்கு அப்பால்
இரவு ஷிஃப்டுக்கு விளக்கு போட்டிருந்தார்கள்.
"ரொம்பக் கிட்டவா இருக்கே,"
என்றான், ஏமாற்றத்தோடு.